புஷ்பம் கொடுத்தனுப்பிய பிஸ்கட்

மஹ்மூத் நானாவின் போறணைக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் கண்டி மஹய்யாவையில் பாதிக் குடும்பங்களின் மானம் எப்போதோ கப்பலேறியிருக்கும். அதற்கு வாய் இல்லாத குறையை நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து தீர்த்துவைத்து வந்தோம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நானாவின் பேக்கரிப் பின்கட்டில் எங்களுக்கு வேலை வந்துவிடும். பின்னேரப் பாண் வெந்து இறங்கின பிறகு போறணை அடுப்பில் மிஞ்சுகிற சூட்டை நானா அக்கம்பக்கத்துக்கு விட்டுக்கொடுப்பார். வேதக்கார வீடுகளிலிருந்து, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கான பிஸ்கட்டும் கேக்கும் தகரத்தட்டுகளில் ஏறி, துணி போர்த்திக்கொண்டு, எங்கள் சந்தின் படிக்கட்டில் இறங்கி வரும்.

சூட்டுக்கு ஒரு முறை உண்டு. பாண் இறங்கின கையோடு வைத்தால் எல்லாம் கரி. நானா ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசிப் பார்ப்பார். மாவு கறுத்தால், "இன்னம் பேய்ச் சூடு, இரிங்க" என்பார். மெதுவாகச் சிவந்தால் பிஸ்கட்டுக்குப் பதம். பிஸ்கட் இறங்கினதும் கேக். ஆறிப்போன கடைசிச் சூட்டில் ரவை வறுக்கிறவர்கள். அதுவரை வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு வேறென்ன வேலை? யார் வீட்டுத் தட்டில் பட்டர், யார் வீட்டுத் தட்டில் மாஜரின் என்பதை மூக்கே சொல்லிவிடும். போன வருஷம் பிஸ்கட்டில் கஜு பதித்தவள் இந்த வருஷம் கச்சான் கடலை பதித்திருந்தால், அவள் புருஷனுக்கு வேலை போய்விட்டதா என்று விசாரிப்பது எங்கள் கடமையாகிவிடும். நான் வேதக்காரியில்லை. ஆனாலும் அந்த வாங்கில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. ரவை வறுக்கிற சாக்கில் போவேன். எத்தனை ரவைதான் வறுப்பாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் வாங்கில் உட்கார்ந்தவர்களுக்கு வாய் எழவில்லை. மழை அப்படி ஆக்கிவிட்டிருந்தது. நவம்பர் கடைசியில் ஊற்றிய ஊற்றலில் மலைகள் கரைந்து ரோட்டில் இறங்கின. எங்கள் சந்துக்குள் மண் வரவில்லை. படிக்கட்டில் தண்ணீர் ஆறாக ஓடிற்று, இரண்டு கோழிக்கூடு போயிற்று, சுவர்களில் பூசணம் பிடித்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சந்திலிருந்து ஓர் ஆள் போய்விட்டான். புஷ்பத்தின் புருஷன் ரவிகுமார்.

போய்விட்டான் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைத்தான் புஷ்பம் ஏற்றுக்கொள்ளவில்லை.

ரவிகுமார் கூலிக்கு வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு வத்தேகம சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு தெல்தெனியப் பக்கம் போனான். போகிற வழியில் மண் சரிந்தது. வேன் கிடைத்தது. பள்ளத்தில் பாதி புதைந்து கிடந்தது, சுற்றிலும் சேற்றுக்குள் கோவாவும் கரட்டும் சிதறிக் கிடந்தன. சாரதிப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. ஆமிக்காரர்கள் தோண்டினார்கள். நாய் வந்து மோப்பம் பிடித்தது. மறுபடியும் மழை இறங்கவும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தத் திறந்த கதவுதான் புஷ்பத்துக்குக் கிடைத்த பிடி. கதவைத் திறந்து இறங்கின மனுஷன் எங்கேயோ நடந்திருக்கிறான், எங்கேயோ விழுந்து யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவள் நம்பினாள். இதைப் பைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. ரவிகுமார் ஏற்கெனவே இரண்டு தடவை காணாமல்போய்த் திரும்பி வந்தவன். முதல் தடவை வீட்டில் சண்டை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்துவிட்டு, தீபாவளி முடிந்த பிறகு புஷ்பத்துக்கு ஒரு சாரியோடு வந்து நின்றான். இரண்டாவது தடவை எங்கே போயிருந்தான் என்பது எங்களுக்கே தெரியாது. எங்களுக்கே தெரியாத விஷயம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புமட்டும் பலகாரம் செய்யமாட்டார்கள். சைவம் வேதம் என்ற பேதம் இதற்குக் கிடையாது. நல்லநாள் பெரியநாள் வந்தால் மற்ற வீடுகளிலிருந்து அந்த வீட்டுக்குத் தட்டு போகும். அங்கிருந்து தட்டு வராது. துக்கம் ஆறுவதற்குள் அந்த வீட்டுப் பண்டத்தை வாயில் வைப்பதும் இல்லை, தீட்டு. ஆகவே டிசம்பர் பிறந்ததிலிருந்து வாங்கில் இருந்த அத்தனை பேர் மனதிலும் ஒரே கேள்விதான். புஷ்பம் பிஸ்கட் சுடுவாளா, மாட்டாளா? சுட்டால் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான். சுடாவிட்டால் நாங்கள் தட்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் கடன் கேட்கிற சாக்கில் போனேன்.

அடுப்படித் தரையில் புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். மடிக்கு முன்னால் பெரிய மண்சட்டி. அதில் பட்டரும் சீனியும். மகள் நிலூஷா மரக்கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். நிலூஷா டவுனில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிற பிள்ளை. கிடைத்த ஒரு லீவு நாளும் இப்படிப் போகிறதே என்ற எரிச்சல் முகத்தில் அப்பியிருந்தது. அந்த வீட்டில் பட்டர் அடிப்பது ரவிகுமாரின் வேலை. வருஷம் பூராவும் ஒரு தேங்காய் உரித்துக் கொடுக்காதவன், நத்தாருக்கு மட்டும் சட்டியை இடுக்கிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் வம்பளந்துகொண்டே, சீனி மணல் தட்டாமல் பட்டர் பஞ்சாகுமட்டும் அடிப்பான். அவன் சைவக்காரன். கட்டினது வேதக்காரியை. "சாமிதான் வேற, பிஸ்கட்டு ஒண்ணுதானே அக்கா" என்பான் என்னிடம்.

நான் ஏலக்காயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ரவிகுமாரின் அண்ணன் வந்துசேர்ந்தார். இராமகிருஷ்ணன், வத்தேகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், சட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னா இது, புஷ்பம்?"

"பிஸ்கட்டுக்கு அடிக்கிறோம் பெரியத்தான். உக்காருங்க. டீ ஊத்தவா?"

"டீ கெடக்கட்டும். ஐயருகிட்ட பேசிட்டு வாறேன். ஒடம்பு கெடைக்காட்டியும் செய்யலாமாம். தர்ப்பையில உருவம் கட்டி, அதுக்குக் கொள்ளி வச்சு, காரியத்த முடிச்சிரலாங்கிறாரு."

"யாருக்கு?"

"என்னா யாருக்கு?"

"யாருக்குக் கொள்ளி வைக்கப்போறீங்கன்னு கேக்குறேன்."

இராமகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான் போய்விடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் ஏலக்காயை எண்ணத் தொடங்கினேன்.

"இந்தா பாரு புஷ்பம். எனக்கு மட்டும் ஆசையா? கூடப் பொறந்தவன். ரெண்டு நாளு அந்தச் சேத்துக்குள்ள நானுந்தான் மம்பட்டியோட நின்னேன். எங்கம்மா தூங்குறதில்ல. கனவுல வந்து குளிருது குளிருதுங்கிறானாம். ஒடம்பெல்லாம் சேறாம்."

"குளிருதுன்னா உசுரோட இருக்காருன்னுதானே பெரியத்தான் அர்த்தம்? செத்த ஒடம்புக்கு ஏது குளிரு?"

அவர் வாசலில் சாத்தியிருந்த குடையைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை.

"வீம்பு பண்ணாத. காரியம் செய்யாம விட்டா அவன் அல்லாடிக்கிட்டு நிப்பான். பாவம் நமக்குத்தான்."

"ரெண்டு தடவ போயிட்டு வந்த மனுசன். அப்பவும் இப்பிடித்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. எவளோ இருக்கான்னீங்க. கடல் கடந்து போயிட்டான்னீங்க. நான் அழுதப்ப ஊரே சிரிச்சிச்சு. இந்தா நிக்கிறாங்களே அக்கா, இவங்களுந்தான் சிரிச்சாங்க. வந்தாரா இல்லையா?"

ஏலக்காய் எண்ணிக்கை எனக்குத் தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

இராமகிருஷ்ணன் நிலூஷா பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்டா, படிச்ச புள்ளதானே."

நிலூஷா கரண்டியை நிறுத்தவில்லை. "என்னாத்த சொல்ல பெரியப்பா? அப்பா இருந்தாலும் எனக்குத்தான் கை வலிக்குது. இல்லாட்டியும் எனக்குத்தான் கை வலிக்குது."

"வாய மூடிக்கிட்டு அடி," என்றாள் புஷ்பம். "சீனி இன்னும் நறநறங்குது."

டீ குடிக்காமலே அவர் எழுந்து போனார். நிலூஷா குடையை எடுத்துக்கொடுக்கிற மாதிரி பின்னால் போனாள். நானும் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, செருப்பின் வாரை மாட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டேன். படியில் நின்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"நான் எப்பவோ நெனச்சிட்டேன் பெரியப்பா. ஆனா எங்கிட்டருந்து அது அம்மாவுக்குப் போகக்கூடாது. நான் சொன்னா, நாந்தான் கொன்னேன்னு ஆயிரும். வேற யாராச்சும் சொல்லட்டும்."

"யாரும்மா சொல்லுவா?"

"அதான் எனக்குத் தெரியல."

தூறலில் அவர் குடையை விரிக்காமலே இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை புஷ்பம் தட்டுகளோடு பேக்கரிக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் நிலூஷா, அவள் தலையிலும் தட்டுகள். புஷ்பம் சிவப்புப் பூப்போட்ட சாரி கட்டியிருந்தாள். பொட்டு வழக்கத்தை விடப் பெரிது. வாங்கில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் நகர்ந்து இடம் விட்டோம். கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டோம். மூன்று பேர் உட்காரக்கூடிய இடத்தில் அவள் தனியாக உட்கார்ந்தாள்.

பேச்சியம்மாவால் சும்மா இருக்க முடியாது. அவள் புருஷன் முனிசிபலில் குப்பை ட்ராக்டர் ஓட்டுகிறான், அதனால் சந்தின் நிர்வாகமே தன் கையில் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"வா புஷ்பம். என்னா, நீயும் கொண்டாந்துட்டியா?"

"கொண்டாராம? வருசா வருசம் கொண்டாறதுதானே."

"இல்ல... இந்தக் குளுருல, ஒத்தக் கையா, சிரமப்படுறியேன்னுதான்."

"ஒத்தக் கை எங்க? மக இருக்கா. அவரு வந்து கேட்டா என்னா சொல்றது? ஒரு நத்தாருக்கு ஒரு பிஸ்கட்டு சுட ஒன்னால ஏலலயான்னு ஏசுவாரு."

பேச்சியம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு வலித்தது.

நானா போறணைக்குள் மாவை வீசிப் பார்த்தார். மெதுவாகச் சிவந்தது. "மொத ஒங்கட தட்டத் தாங்க புள்ள" என்று நீளக்கைப் பலகையால் புஷ்பத்தின் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் தங்கள் தட்டுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

பட்டர் மணம் எழுந்து பின்கட்டை நிறைத்தது. வெளியே மூடுபனி. தகரக் கூரையில் மழை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. நானாவின் மனைவி றமீஸா வந்து எல்லாருக்கும் பிளேன்டீ வைத்தாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அவளை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

"றமீஸா தாத்தா, ஒங்க வூட்டுக்கும் வழக்கம்போல அனுப்புவேன்," என்றாள் புஷ்பம். "ஒங்களுக்குக் கேக்கு வேற சட்டியிலதான். பிராந்தி கிட்டக்கூட போகல."

"அனுப்புங்க புள்ள."

"எல்லா வூட்டுக்கும் அனுப்பத்தான் போறேன். ஒரு வூடு விடமாட்டேன். எல்லாரும் வாங்கிக்கிட்டாங்கன்னா, அப்பறம் யாரும் வந்து உருவம் கட்டுறேன் தர்ப்ப கட்டுறேன்னு எங்கிட்ட பேச முடியாதுல்ல?"

அவள் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. போறணை வாயைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் வாங்கில் இருந்த ஒவ்வொருத்தியும் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

"அவர் வந்திட்டா நல்லம்தான் புள்ள," என்றாள் றமீஸா. "வருவார்ண்டு செல்ல எனக்கு வாய் வருதில்ல, வரமாட்டார்ண்டு செல்லவும் வருதில்ல. அல்லாதான் அறிவான்."

எங்கள் எவருக்கும் அந்த அளவு நேர்மையான வாய் இல்லை. நாங்கள் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தோம்.

தட்டுகள் இறங்கின. புஷ்பத்தின் பிஸ்கட் நட்சத்திரம் மாதிரி இருக்கும், நடுவில் அரைக் கஜு. இந்தமுறை நட்சத்திரத்தின் முனையெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. எந்தத் தட்டு இறங்கினாலும் பதம் பார்க்க முதல் பிஸ்கட்டை நானா தின்பது பேக்கரி வழக்கம். அவர் ஒன்றை எடுத்தார். நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். உடைத்து, ஊதி, மென்று, விழுங்கினார்.

"பட்டர இன்னம் கொஞ்சம் அடிச்சீக்கோணும்."

"அடிக்கிற ஆளு வரட்டும் நானா," என்றாள் புஷ்பம். "அடுத்த வருசம் சரியா இருக்கும்."

அன்றைக்கு என் ரவை தீய்ந்துபோயிற்று.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நிலூஷா தட்டுகளோடு புறப்பட்டாள். பூப்போட்ட பீங்கான் தட்டு, அதில் நட்சத்திர பிஸ்கட், ஓரத்தில் ஒரு துண்டு கேக், இரண்டு பால் ரொபி, மேலே கொக்கிப் பின்னல் போட்ட வெள்ளைத் துணி. எப்போதும் போலத்தான். புஷ்பம் தன் வீட்டு வாசலில், படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சந்தின் எல்லா வாசல்களும் தெரியும்.

பேச்சியம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். "அம்மாகிட்ட சொல்லு, ரொம்பச் சந்தோசம்னு." அவள் பேரன் துணிக்குள் கைவிடப் போனான், கன்னத்தில் ஒன்று விழுந்தது. அவன் அழுததற்கு, "காச்சக்காரப் புள்ள, இனிப்பு ஆகாது" என்று நிலூஷாவிடம் விளக்கம் சொன்னாள். அடுத்த வீட்டில் வாங்கினார்கள். அதற்கடுத்த வீட்டில் கை ஈரம் என்று சொல்லி மேசையில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் வாங்கினோம். முகத்துக்கு நேரே கதவைச் சாத்த நாங்கள் என்ன கல்லா?

நிலூஷா ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு படியேறிப் போகும்போது புஷ்பத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கடைசித் தட்டும் போனபிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்து முழுவதையும் ஒருதரம் பார்த்தாள். வீட்டுக்கு ஆள் வந்து நிறைந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. வாசலில் தொங்கிய கடதாசி நட்சத்திரத்துக்குள் பல்பைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் சந்தில் ஒருத்தி செய்கிற காரியத்தை அடுத்தவளுக்குச் சொல்லாமல் செய்தது அன்றைக்கு ஒருநாள்தான். சொல்லியிருந்தாலாவது யாராவது யோசித்திருப்போம். தின்னவும் முடியாது, வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. கழுநீர்த் தொட்டியில் போட்டால் நம் வீட்டிலேயே கிடக்கும். ஆகவே ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் வந்த யோசனையாக நினைத்துக்கொண்டு, ஒரு சிலிசிலிப் பையில் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, படிக்கட்டின் அடியில் குப்பைப் பைகள் வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். விடிவதற்குள் ட்ராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது?

நத்தாரன்றைக்கு ட்ராக்டர் வராது. பாதி வீட்டில் முனிசிபல் சம்பளம் வாங்குகிற சந்து இது. எந்த நாள் லீவு, எந்த நாள் அரை லீவு என்று கண்டி முழுவதும் எங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அந்தச் சந்தில் ஒருத்திக்கும் அது ஞாபகம் வரவில்லை.

காலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பூசைக்கு மணி அடித்தது. நான் ஜன்னலருகில் நின்றிருந்தேன். ஏன் நின்றேன் என்று கேட்கவேண்டாம், நான் எப்போதும் அங்கேதான் நிற்பேன். புஷ்பம் புதுச்சாரி கட்டி, தலையில் மல்லிகை வைத்து, படியிறங்கினாள். நிலூஷா குடையோடு பின்னால்.

படிக்கட்டின் அடியில் நாய்கள் நின்றன. காகங்கள் கூச்சல் போட்டன. பைகளைக் கிழித்து ரோடு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தன. நட்சத்திரங்கள் ஈரத்தில் ஊறி, உப்பி, சாக்கடை ஓரமெல்லாம் கிடந்தன. கஜுவை மட்டும் காகங்கள் கொத்தி எடுத்திருந்தன. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு குழி.

புஷ்பம் நின்றாள். குனிந்து பார்த்தாள். எடுக்கவில்லை. ஒரு பையைப் பார்த்தாள், அடுத்த பையைப் பார்த்தாள். துணிக்கடைப் பெயர் போட்ட பை பேச்சியம்மா வீட்டுடையது, அவள் தீபாவளிக்குச் சாரி எடுத்ததை ஊருக்கே காட்டின பை. மஞ்சள் பை யாருடையது, கோடு போட்ட பை யாருடையது என்று எனக்குத் தெரியும்போது அவளுக்கும் தெரியும்தானே? ஒவ்வொரு வீடாகப் போய் வருகிற மாதிரி அவள் பை பையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"அம்மா, வாங்க. பூசைக்கு நேரமாச்சு," என்றாள் நிலூஷா.

"நீ போ."

"அம்மா..."

"நீ போய் மெழுகுதிரி கொளுத்திட்டு வா. நான் வரல."

திரும்பிப் படியேறினாள். ஏறும்போது ஒரு வீட்டு வாசலையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஜன்னலை விட்டு விலகி நின்றேன், அப்படியும் அவள் என்னைப் பார்த்துவிட்டதாகத்தான் பட்டது. வாசல் நட்சத்திரத்தின் பல்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். நிலூஷாவும் பூசைக்குப் போகவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்து மூடியது.

அதன்பிறகு சந்தே விழித்துக்கொண்டது. பேச்சியம்மா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, இன்னைக்கு ட்ராக்டர் வராதுன்னு ஒரு வார்த்த முந்தியே சொல்லக்கூடாது?"

"நத்தாருக்கு எந்த வருசம்டி ட்ராக்டர் வந்திச்சு? நீ நேத்துத்தான் எனக்கு வாக்கப்பட்டு வந்தியா?"

அவன் மம்பட்டியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு தனியாளாய்ப் போய் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினான். லீவு நாளில் அவன் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் நாங்கள் புஷ்பத்தின் வீட்டுக்குப் போனோம். தட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அது ஒரு சாக்கு. நல்லநாள் தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. ஒரு கை சீனி போட்டுக் கொடுப்போம். அன்றைக்கு எல்லாரும் இரண்டு கை போட்டிருந்தோம்.

புஷ்பம் கதவைத் திறந்தாள். வெளுத்துப்போன வீட்டுச் சாரி. தலையில் பூ இல்லை. பொட்டு மட்டும் இன்னும் இருந்தது. எங்களை உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

பேச்சியம்மா தொடங்கினாள். "புஷ்பம், பேரன் காச்சலோட கீழ போட்டு ஒடச்சிட்டான். மண்ணுல விழுந்தத எப்பிடித் திங்கிறது? அதான்..."

"எங்க வூட்டுல எறும்பு," என்றாள் இன்னொருத்தி. "திறந்து பாத்தா முழுக்க எறும்பு."

எனக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. நல்ல காரணம்தான். முறை வருவதற்குள் மறந்துபோனது.

புஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பரவால்ல," என்றாள். "கைய நீட்டுங்க."

ஏன் என்று தெரியாமலே பேச்சியம்மா நீட்டினாள். புஷ்பம் தட்டை வாங்கி, அதிலிருந்த சீனியை அவள் இரண்டு கையிலும் கவிழ்த்தாள்.

"சீனி வேணாம். சாவு வூட்டுத் தட்ட யாரும் சீனி போட்டுக் குடுக்கமாட்டாங்க. கழுவிக் குடுத்தாப் போதும்."

அடுத்தவளின் தட்டு, அடுத்த கை. என் கையிலும் விழுந்தது. கடைசியில் றமீஸா நின்றாள்.

"புள்ள, அல்லாக்காக நாங்க தின்டோம். நானும் தின்டேன், அவரும் தின்டார். ஒண்டும் மிச்சமில்ல."

"தெரியும் தாத்தா. ஒங்க வூட்டுப் பை அங்க இல்ல." புஷ்பம் அவள் கையையும் பிடித்து விரித்து, சீனியைக் கொட்டினாள். "நீங்க ஒரு வூடு சாப்பிட்டீங்க. அதுக்காக அவரு வந்திருவாரா?"

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்களை முதல்தடவையாக ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"இத்தன வூட்டுக்கும் தெரிஞ்சது எனக்குத்தான் தெரியாமப் போச்சு," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைநிறையச் சீனியோடு நாங்கள் படிக்கட்டில் நின்றோம். கொட்டினால் இனிப்பைக் காலில் மிதிக்கிற பாவம். வீட்டுக்குள் கொண்டுபோக ஒருத்திக்கும் துணிச்சலில்லை. கதவுக்குப் பின்னால் நிலூஷா போனில் பேசுவது கேட்டது.

"பெரியப்பா... நாந்தான். அம்மா வரச் சொல்றாங்க. ஆமா. ஐயரையும் பாத்துட்டு வாங்க... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்லல பெரியப்பா."

பிறகு அந்த வீட்டிலிருந்து ஒப்பாரி எழுந்தது. மண் சரிந்த நாளிலிருந்து அங்கே எழாத சத்தம். பேச்சியம்மா உள்ளே போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள், கதவு பூட்டியிருந்தது. தட்டுவதற்கு அவளுக்குக் கை இல்லை. தூறல் மறுபடியும் தொடங்கிற்று. ஒருத்தரும் நகரவில்லை. உள்ளங்கையில் சீனி கரைந்து, விரல் இடுக்கு வழியே பிசுபிசுவென்று இறங்கிக்கொண்டிருந்தது.